தானாக எழும்பிய பெட்டி

ராஜபாளையம்
8-2-1993

கர்த்தருக்குள் பிரியமான தம்பி சத்தியநேசனுக்கு அக்கா வேதமணி எழுதுவது. இங்கே நானும் அத்தானும் தேவ கிருபையால் சுகம். உன் சுகத்தையும் வீட்டில் எல்லோருடைய சுகத்தையும் அறிய ஆசை. உனக்கு வருமே ஒற்றைத் தலைவலி, இப்போது எப்படி இருக்கிறது?

ஆறு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யார் செத்தார்களோ என்று பதறியிருப்பாய். யாரும் சாகவில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று நீயும் அத்தானும் கல்லறைத் தோட்டத்திலேயே கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போட்டீர்கள். "இந்த மனுசன் இருக்க வீட்டு வாசல்ல இனி கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். சொன்னதைக் காப்பாற்றியும்விட்டாய். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் வந்து சேரும் ஊருக்குத் தபால்தலை ஒட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்துக்கு ஒரு சின்ன டிராக்டர் வாங்கியிருக்கிறோம். பதினெட்டு எச்.பி. மாமரங்களுக்கு நடுவே புகுந்து வரும். அதற்குப் பின்னால் மாட்ட ஒரு டிரெய்லர் வேண்டும். ஆள் வைத்து இறக்காமல் மண்ணைத் தானே கொட்டுகிற டிப்பர். ஸ்ரீவில்லிபுத்தூரில் டிரெய்லர் பட்டறை வைத்திருக்கிற தம்பி இருக்கும்போது வேறு யாரிடம் கேட்பேன்? இரண்டு சக்கரமா, நாலு சக்கரமா? பின்னால் கொட்டுவதா, பக்கவாட்டில் கொட்டுவதா? ஹைட்ராலிக் லிவர் எந்த மாதிரி நல்லது? கை படாமலே சில பெட்டி தானாக எழும்பிவிடும் என்கிறார்களே, அது உண்டா? இதை மட்டும் விளக்கமாக எழுது. உன் பட்டறைப் பெயர் அச்சடித்த தாளிலேயே எழுதச் சொல்கிறார் அத்தான்.

இப்படிக்கு,
வேதமணி

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
13-2-1993

அன்பான அக்காவுக்கு சத்தியநேசன் வணக்கம். இங்கே அனைவரும் நலம். தலைவலி என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது.

கடிதத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே பிரித்தேன். பிரித்துப் பார்த்தால் டிரெய்லர்! ஆறு வருடத்தில் எனக்குப் பிள்ளை பிறந்தது, வீடு மாறினேன், அம்மை போட்டுப் படுத்தேன். எதற்கும் ஒரு கார்டு போடாதவளுக்கு இரும்புப் பெட்டி வேண்டும் என்றதும் தம்பி ஞாபகம் வந்துவிட்டது. கோபம்தான். ஆனாலும் கேட்டுவிட்டாய், பதில் சொல்லாமல் இருக்க என்னால் ஆகாது. அத்தான் என் பட்டறைத் தாளுக்கு மரியாதை கொடுக்கும் காலமும் வந்துவிட்டதே, அதற்காகவாவது எழுதுகிறேன்.

பதினெட்டு எச்.பி.க்கு இரண்டு சக்கரம்தான். பாரத்தில் ஒரு பங்கு டிராக்டரின் கொக்கியில் உட்கார்ந்து பின் சக்கரத்தை மண்ணில் அழுத்திப் பிடிக்கும். நாலு சக்கரம் வாங்கினால் மரத்துக்கு நடுவே ரிவர்ஸ் எடுப்பதற்குள் அத்தான் அழுதுவிடுவார். ஒரு டன்னுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஏற்றினால் டிராக்டர் முன்னங்காலைத் தூக்கும். உங்கள் தோட்டம் மலைச் சரிவு, பக்கவாட்டில் கொட்டினால் பெட்டி குடை சாயும். பின்னால் கொட்டுவதே போதும்.

லிவர் விஷயம் நல்ல கேள்வி. பழைய வண்டிகளில் லிவரை அசையாமல் நிறுத்தும் பூட்டு ஊசி இருக்காது. முழங்கை பட்டாலே பெட்டி எழும்பிவிடும். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் பூட்டு ஊசி வைத்த லிவர்தான் வேண்டும் என்று அடித்துச் சொல்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு டிப்பர் எதற்கு? பக்கத்துத் தோட்டத்துக் குருசாமியிடம் ஒன்று வாடகைக்கு இருக்கிறதே? அதுவும் வேண்டாம், மம்சாபுரத்திலிருந்து கருத்தம்மா தன் ஆட்களோடு வந்தால் ஒரு பெட்டி மண்ணைச் செத்த நேரத்தில் இறக்கிவிட மாட்டாளா? நம் அப்பா காலத்திலிருந்து நம் மண்ணைச் சுமந்தவள். நான் விசாரித்ததாகச் சொல். அவள் திட்டைக் கேட்டு வெகு நாளாகிறது.

உன் தம்பி,
சத்தியநேசன்

---

ராஜபாளையம்
2-3-1993

பிரியமான தம்பிக்கு, சுகம். உன் சுகமும் அதுவே என்று நம்புகிறேன்.

கடிதம் கிடைத்தது. அத்தானுக்கு ரொம்ப சந்தோஷம். இரண்டு தடவை வாசித்தார். நீ எழுதுவதை அவரும் வாசிக்கிறார், அதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்.

குருசாமி வண்டி தருவதில்லை. கருத்தம்மா இப்போது வேலைக்கு வருவதில்லை. அவளுக்கும் வயதாகிவிட்டது இல்லையா? டிரெய்லர் எப்போது வேண்டும் என்று பொறவு எழுதுகிறேன். பிள்ளைக்கு என் முத்தம். பெயர் என்ன வைத்திருக்கிறாய் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

வேதமணி

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
24-3-1993

அக்காவுக்கு, நலம். பிள்ளையின் பெயர் ஜெபசிங். அப்பாவின் பெயர்தான். வேறு யார் பெயரை வைப்பேன்?

கருத்தம்மாவுக்கு வயதாகிவிட்டதா? போன புரட்டாசியில் சந்தையில் பார்த்தேன், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு என்னை முந்திப் போனாள். அது கிடக்கட்டும். டிரெய்லருக்கு நல்ல சேனல் இரும்பு கிடைத்தது, எடுத்து வைத்துவிட்டேன். சரி என்று ஒரு வரி போடு, வெட்ட ஆரம்பிக்கிறேன். வாங்கும் அவசரம் எனக்கு இருக்கிற அளவுக்கு உங்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

சத்தியநேசன்

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
19-4-1993

அக்கா,

சுகம் விசாரிக்க இப்போது எனக்கு மனசில்லை.

வெள்ளிக்கிழமை எனக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. எந்த வழக்கில் நான் சாட்சி என்று புரியாமல் இன்று போய் விசாரித்தேன். அத்தான் எலியேசர் தரப்புச் சாட்சியாம். என் பட்டறைத் தாள் உங்கள் வக்கீல் கையில் இருக்கிறது. "முழங்கை பட்டாலே பெட்டி எழும்பிவிடும்" என்ற வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கோட்டை என் நெற்றியில் போட்டிருக்கலாம்.

வெளியே வந்தால் படிக்கட்டில் கருத்தம்மா உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் ஊன்றுகோல். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீயும் அவிய பக்கந்தானே சாட்சி?" என்றாள். அக்கா, அந்தக் கேள்விக்கு நான் செத்தேன்.

நடந்ததை அவள்தான் சொன்னாள். அவள் வாயில் வந்தபடியே எழுதுகிறேன், வாசி. அத்தானும் சேர்ந்து வாசிக்கட்டும்.

"தை மாசம் குருசாமி டிப்பரை உங்க அத்தான் வாடகைக்கு எடுத்துத் தன் டிராக்டர்ல மாட்டியிருந்தாரு. செம்மண்ணை ஏத்திவிட்டுட்டு நாங்க எட்டுப் பேரும் மண்ணு மேலேயே உக்காந்து தோட்டத்துக்கு வந்தோம். லேட்டாயிட்டுன்னு எங்களை ஒரு வார்த்தை சொன்னாரு தம்பி. அதை என் வாயால திருப்பிச் சொல்ல மாட்டேன். எங்க சாதியைச் சேத்துச் சொன்னாரு. 'அந்தச் சொல்லை எடுத்துக்கிடுங்க, பொறவு எறங்குதோம்'னேன். 'எறங்க மாட்டியளோ, நான் எறக்குதேன் பாரு'ன்னு லிவரை இழுத்தாரு. பெட்டி மெள்ள எந்திரிச்சுது. பயங் காட்டுதாருன்னு நெனச்சோம். கத்துனோம், கும்பிட்டோம். எந்திரிச்சுக்கிட்டே போச்சு. மண்ணும் நாங்களும் சேந்தே விழுந்தோம். பின் கதவு என் இடுப்புல சாத்துச்சு."

மண்ணைக் கொட்டுகிற மாதிரி மனுசியைக் கொட்டியிருக்கிறார். இந்தக் காரியத்துக்கு என் கையெழுத்தை வாங்க நீ டிரெய்லர் கேட்கிற சாக்கில் வந்தாய். இரண்டு சக்கரமா நாலு சக்கரமா என்று கேட்டாயே, அதை எழுதும்போது உனக்குச் சிரிப்பு வரவில்லையா? நான் இங்கே இரும்பு வாங்கி அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், மடையன் மாதிரி.

ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு நீ தோட்டத்தில் இருந்தாயா?

சத்தியநேசன்

---

ராஜபாளையம்
24-4-1993

சத்தியநேசனுக்கு எலியேசர் எழுதுவது. கர்த்தர் உன் குடும்பத்தை ஆசீர்வதிக்க ஜெபிக்கிறேன்.

என் மனைவிக்கு நீ எழுதியதை வாசித்தேன். புதிதாக எதையும் சொல்லச் சொல்லி உன்னைக் கேட்கவில்லை. எழுதியதை எழுதினேன் என்று சொன்னால் போதும். உன் கையெழுத்து, உன் தாள். கூலிக்கு வந்தவள் சொல்வதைக் கேட்டுச் சொந்த அக்காளின் வீட்டைக் கெடுக்கிறவனை ஊர் என்ன சொல்லும் என்று யோசி. நான் உள்ளே போனால் உன் அக்காள் உன் தலையில்தான் வந்து விழுவாள். சபையில் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். அந்த முகத்தோடு அவள் எங்கே போவாள்?

ஜூன் 17 விசாரணை. நேரத்துக்கு வா.

எலியேசர்

---

ராஜபாளையம்
3-5-1993

தம்பி,

சுகமாயிருக்கிறாயா என்று நான் கேட்கிறேன். நீ கேட்காவிட்டாலும்.

மடையன், மனுசி, சிரிப்பு என்று வாய்க்கு வந்ததை எழுதிவிட்டாய். நீ எழுதிக் கொடுத்தது பொய்யா? முழங்கை பட்டால் எழும்பும் என்றால் எழும்பும்தானே? அதைக் கோர்ட்டில் சொல்ல உனக்கு ஏன் வலிக்கிறது? நீ கோபித்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாய். போக உனக்கு ஒரு பட்டறை இருந்தது. எனக்கு என்ன இருக்கிறது? பிள்ளை இல்லை. இந்தத் தோட்டமும் அவரும்தான். ஆறு வருடமாக அவரோடு தனியாக இருப்பவள் நான். ஒரு கிறிஸ்துமஸுக்காவது எட்டிப் பார்த்தாயா? இப்போது நியாயம் பேச மட்டும் நாலு பக்கம் எழுதுகிறாய்.

கருத்தம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொடுத்தனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டாள். அவளுக்குத் திமிர் உண்டு, அது உனக்கும் தெரியும். மாங்காய் பறிக்க மம்சாபுரத்திலிருந்து ஒரு ஆள் வருவதில்லை. வ. புதுப்பட்டிக்குச் சொல்லி அனுப்பினோம், அங்கேயும் செய்தி போய்விட்டது. மரத்தில் பழுத்து, தரையில் விழுந்து, தோட்டம் முழுக்க நாற்றம். இதையெல்லாம் நான்தான் பார்க்கிறேன்.

அன்றைக்கு நான் பம்புசெட்டுப் பக்கம் இருந்தேன். போதுமா?

வேதமணி

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
18-6-1993

அக்கா,

மே மாதக் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். பதிலைக் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நேற்று நான் சொன்னதை நீ கேட்டாய். லிவரில் முழங்கை பட்டால் பெட்டி எழும்பும், அதை மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு எச்.பி. டிராக்டரில் அது விசுக்கென்று எழும்பாது. மெள்ளத்தான் எழும்பும். லிவரைத் திருப்பித் தள்ளினால் அந்த இடத்திலேயே நிற்கும். மண் சரிகிற அளவுக்கு உயர வேண்டுமென்றால் ஓட்டுகிறவன் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். இதை நான் சொன்னதும் உங்கள் வக்கீலின் முகம் சுருங்கிப் போயிற்று. அவர் கூப்பிட்ட சாட்சி நான்.

அதற்கப்புறம் உன்னைக் கூப்பிட்டார்கள். கர்த்தர் பேரில் சத்தியம் செய்தாய். பம்புசெட்டுப் பக்கம் நின்றதால் அவர்கள் கத்தியது கேட்கவில்லை என்றாய். அவர் லிவரைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், அது சிக்கிக்கொண்டது, என் கண்ணால் பார்த்தேன் என்றாய். எட்டுப் பொம்பளைகள் உயிர் போகிற மாதிரி கத்துவது காதுக்கு வராத தூரத்திலிருந்து, லிவரில் இருக்கிற கை மட்டும் உன் கண்ணுக்குத் தெரிந்ததா? இதைக் கேட்க அங்கே எனக்கு அனுமதி இல்லை. இங்கே கேட்கிறேன்.

கூண்டை விட்டு இறங்கும்போது நீ கருத்தம்மாவைத் தாண்டித்தான் போனாய். அவள் தன் ஊன்றுகோலை எடுத்து உனக்கு வழிவிட்டாள். அதைக்கூட நீ பார்க்கவில்லை.

இனி எனக்கு எழுதாதே.

சத்தியநேசன்

---

ராஜபாளையம்
12-7-1993

தம்பிக்கு,

எழுதாதே என்று சொன்னாய். அக்காவாக எழுதவில்லை, டிரெய்லருக்கு ஆர்டர் கொடுக்க எழுதுகிறேன். பட்டறைக்காரன் வந்த வேலையைத் தள்ள மாட்டான் என்று நினைக்கிறேன்.

டிப்பர் வேண்டாம். ஜாக்கி, ஹோஸ், லிவர் எதுவும் வேண்டாம். இரண்டு சக்கரத்தில் சாதாரணப் பெட்டி. பக்கப் பலகை என் மார்பு உயரத்தைத் தாண்ட வேண்டாம். கூடையில் அள்ளி நானே இறக்கப் போகிறேன். கண்மாயில் கரம்பை மண் எடுக்கிறார்கள், இந்த வருடமாவது மரங்களுக்குப் போடாவிட்டால் தோட்டம் போய்விடும். மண் அள்ள யாரும் வருவதில்லை, வரவும் மாட்டார்கள்.

அத்தான் டிப்பர்தான் வேண்டும் என்று குதிக்கிறார். "லிவர் வச்ச எதுவும் இந்தத் தோட்டத்துக்குள்ள வரக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் அவரை நான் எதிர்த்துப் பேசியது இதுதான். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பெண்கள் சங்கச் செயலாளர் வேலையையும் விட்டுவிட்டேன். ஜெபத்தை நடத்தச் சொன்னார்கள், பக்கத்தில் இருந்தவளை நடத்தச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தீர்ப்பை ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளியிருக்கிறார்கள். எங்களுக்குச் சாதகமாக வரும் என்கிறார் வக்கீல்.

ஜெபசிங் நடக்கிறானா?

வேதமணி

---

ஸ்ரீவில்லிபுத்தூர்
2-8-1993

அக்காவுக்கு,

ஜெபசிங் ஓடுகிறான்.

பெட்டி தயார். குருசாமி வந்து இழுத்துக்கொண்டு போவான், உங்கள் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவான். நான் வரமாட்டேன். என் கோபம் ஒரு குண்டுமணி அளவுகூடக் குறையவில்லை. நீ கூடை சுமப்பதாக எழுதினால் நான் உருகிவிடுவேன் என்று நினைத்திருந்தால், இல்லை. நீ முதுகு ஒடிய ஆயிரம் கூடை சுமந்தாலும் கருத்தம்மாவின் இடுப்பு நேராகாது. தண்டனையை நீயே பார்த்து, உனக்கு முடிகிற அளவில் எடுத்துக்கொள்கிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் நீ சொன்ன அளவில் செய்யவில்லை. பக்கப் பலகையை ஆள் உயரத்துக்கு ஏற்றிவிட்டேன். மேலே ஏறி நின்று வெளியே அள்ளிப் போட முடியாது. பின் கதவு வழியாக மட்டும்தான் இறக்க முடியும். அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் கொக்கி வைத்திருக்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கினால்தான் திறக்கும். ஒற்றை ஆளால் ஆகாது. செய்து முடித்துவிட்டு நானே முயன்று பார்த்தேன், முடியவில்லை.

மறு பக்கத்தைப் பிடிக்க ஒரு ஆளைத் தேடு. அத்தான் இறங்கி வந்து பிடித்தால் பிடிக்கட்டும். இல்லையென்றால் மம்சாபுரத்துக்கு நீயே போய்க் கூப்பிடு.

சத்தியநேசன்

---

ராஜபாளையம்
9-8-1993

சத்தியநேசா,

பெட்டி வந்தது. கரம்பை ஏற்றினோம், அதாவது கண்மாயில் நின்ற மெஷின்காரன் ஏற்றிவிட்டான். தோட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஒரு பக்கக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு அத்தானைக் கூப்பிட்டேன். டிராக்டர் சீட்டில் இருந்தபடி திரும்பிப் பார்த்தார். "கோட்டி பிடிச்ச பயல் செஞ்ச பெட்டிக்கு நான் குனியணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு டிராக்டரைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். நான் செத்த நேரம் அந்தக் கொக்கியோடு மல்லுக்கட்டினேன். கை கிழிந்தது. உன்னைத் திட்டாத திட்டில்லை. வாயில் வராத சொல்லெல்லாம் வந்தது, சபையார் யாரும் அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

நேற்று மம்சாபுரம் போனேன். கருத்தம்மா வாசலில் கட்டிலில் இருந்தாள். சுற்றிலும் அவள் ஆட்கள். ஒருத்திகூட வா என்று சொல்லவில்லை. நின்றபடியே பேச ஆரம்பித்தேன். "நான் அன்னைக்குப் பம்புசெட்டுக்கிட்ட இல்லை" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"எனக்கு எதுக்குத் தாயி சொல்லுத? நீ எங்க நின்னேன்னு எனக்குத் தெரியாதா? டிராக்டர்ல அவரு பக்கத்துலதான நின்ன, லிவர் உன் மொழங்காலுக்கிட்ட இருந்துச்சு. உன்னைப் பாத்துத்தானே நான் கும்பிட்டேன். கோர்ட்டுல சொன்னதை என் வாசல்ல வந்து மாத்திச் சொல்லாத. கோர்ட்டுல போய் மாத்திச் சொல்லு."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தீர்ப்புக்கு முன்னால் சாட்சியைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்க வழி உண்டாம். தபால் நிலையத்தில் பழைய கோர்ட்டுக் குமாஸ்தா ஒருவரிடம் கேட்டேன். பொய் சொன்னதற்கு என்மேலும் கேஸ் போடுவார்கள் என்றார். போடட்டும். அத்தானிடம் சொல்லிவிட்டேன். வாசல் கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கொல்லைப் பக்கக் கதவு அவருக்கு ஞாபகமில்லை போலிருக்கிறது.

இதற்குப் பதில் எழுதாதே. இது உன் கைக்கு வரும்போது நான் உன் பட்டறை வாசலில் நிற்பேன். எவ்வளவு கோபம் இருக்கிறதோ அதையெல்லாம் அங்கேயே திட்டித் தீர்த்துக்கொள். அப்புறம் அரசு வக்கீல் வீட்டுக்கு என்னோடு வா. வர மனசில்லையென்றால் வழியை மட்டும் காட்டு, நான் போய்க்கொள்கிறேன்.

வேதமணி